மட்டக்களப்பில் இருந்து நல்ல வெட்டுள்ள வைரம் வாங்குவது: கடையிலா, ஒன்லைனிலா?

தங்கம் வாங்கும்போது எங்கள் ஊர்க்காரரை ஏமாற்றுவது கஷ்டம். இன்றைக்குப் பவுண் என்ன விலை, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று அம்மம்மா முதல் பேத்தி வரை கணக்கு வைத்திருப்பார்கள். அதே குடும்பம் வைர மோதிரம் வாங்கப் போனால் "நல்லா மின்னுது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சொன்ன விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டு, சிவப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

வைரத்துக்கும் கணக்கு உண்டு. நான்கைந்து எண்கள்தான். அவை கையில் இருந்தால் பிரதான வீதிக் கடையில் வைத்திருக்கும் கல்லையும் அமெரிக்கத் தளத்தில் கிடக்கும் கல்லையும் ஒரே கோலால் அளக்கலாம். இல்லையென்றால் இரண்டு இடத்திலும் கண்ணை மட்டும்தான் நம்ப வேண்டும். கடை விளக்கும் போன் திரையும் அந்தக் கண்ணுக்காகவே அமைக்கப்பட்டவை.

நிச்சயதார்த்த மோதிரத்துக்கு ஒற்றைக் கல்லோ தோட்டுக்குச் சோடிக் கல்லோ முதல்முறை வாங்கப் போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். வட்டக் கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓவல், குஷன், பேரிக்காய் வடிவங்களை எண்களை வைத்துத் தெரிவுசெய்வது கடினம். முதல் கல்லுக்கு வட்டம்தான் பாதுகாப்பு.

முதலில் வெட்டு, பிறகுதான் மற்றதெல்லாம்

கரட் (எடை), கலர் (நிறம்), கிளாரிட்டி (உள்ளே புள்ளி இல்லாத தெளிவு), கட் (வெட்டு) என்று நான்கு விஷயம் சொல்வார்கள். கடையில் முதல் மூன்றைப் பற்றி நிறையக் கதைப்பார்கள். நான்காவது வரும்போது "கட் எல்லாம் நல்ல கட்தான்" என்று தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் கல் மின்னுவதும் மங்குவதும் பெரும்பாலும் அந்த நான்காவதில்தான் இருக்கிறது.

வட்ட வைரத்தில் 57 அல்லது 58 பட்டைகள். மேலே தட்டையான பெரிய பட்டைக்கு டேபிள் என்று பெயர். அதைச் சுற்றிச் சரியும் மேல்பகுதி கிரவுண், இடுப்புப் பட்டி கேர்டில், கீழே கூம்பாகப் போவது பவிலியன். மேலிருந்து நுழையும் ஒளி பவிலியனின் ஒரு பக்கத்தில் பட்டு, மறுபக்கம் தாவி, திரும்ப மேலே வந்து கண்ணில் விழ வேண்டும். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. அதனால் ஏறக்குறைய 24.4 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் உள்ளே படும் ஒளி வெளியே போகாமல் அப்படியே திரும்பும். பவிலியனின் சாய்வு சரியாக இருந்தால் ஒளி இரண்டு முறை திரும்பி மேலே வரும். சாய்வு கூடினால் ஒளி கீழால் ஒழுகி, கல்லின் நடுப்பகுதி கறுத்துப்போகும். குறைந்தால் டேபிளுக்குள் இடுப்புப் பட்டியின் நிழல் விழுந்து, மீன் கண் போலச் சாம்பல் வளையம் தெரியும். இரண்டையுமே வெறும் கண்ணால் காணலாம், எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

மார்செல் டொல்கோவ்ஸ்கி என்பவர் 1919ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். டேபிளின் அகலம் கல்லின் விட்டத்தில் 53 வீதம், கிரவுணின் சாய்வு 34.5 பாகை, பவிலியனின் சாய்வு 40.75 பாகை. நூறு வருடம் கழிந்தும் நல்ல கற்கள் இந்த எண்களைச் சுற்றித்தான் நிற்கின்றன.

அப்படியானால் ஏன் எல்லாக் கல்லையும் இப்படியே வெட்டுவதில்லை? காரணம் எடை. பட்டை தீட்டாத மூலக் கல்லைச் சரியான சாய்வுக்குக் கொண்டுவர அதிகம் தேய்த்துக் கழிக்க வேண்டும். வைர விலையோ 0.50, 1.00 கரட் போன்ற எடைகளில் படி ஏறுவதுபோல் தாவும். எனவே 0.47க்கு இறங்க வேண்டிய கல்லை, அடியைக் கனமாக விட்டு 0.50ல் நிறுத்திவிடுவார்கள். ஐஸோடு சேர்த்து நிறுத்த மீன் மாதிரித்தான். நன்றாக வெட்டிய 0.50 கரட் கல்லின் விட்டம் 5.1 மில்லிமீற்றர் வரும். ஆழத்தை விட்டத்தின் 65 வீதமாக விட்ட 0.50 கல் 5.0தான். நன்றாக வெட்டிய 0.47 கல்லும் அதே 5.0. மேலிருந்து பார்த்தால் ஒரே அளவு, ஆனால் மின்னுவது 0.47, விலை கூடியது 0.50. நினைவில் வைக்க இன்னும் இரண்டு அளவு: 0.30 கரட் என்றால் 4.3 மில்லிமீற்றர், 1 கரட் என்றால் 6.4 முதல் 6.5.

போனில் எழுதி வைக்க வேண்டிய எண்கள்

டேபிள் 54 முதல் 58 வீதம். மொத்த ஆழம் 60 முதல் 62.4 வீதம். கிரவுண் 34 முதல் 35 பாகை. பவிலியன் 40.6 முதல் 41.0 பாகை. கேர்டில் 'தின்' (மெல்லியது) முதல் 'ஸ்லைட்லி திக்' (சற்றுத் தடித்தது) வரை, கியூலட் (பவிலியனின் அடிமுனையில் வரும் சின்னப் பட்டை) 'நன்', அதாவது இல்லை. பொலிஷ், சிமெட்ரி (பட்டைகளின் ஒழுங்கு) இரண்டும் 'எக்ஸலன்ட்'.

இவை எல்லாம் ஜி.ஐ.ஏ. (வைரத்தைப் பரிசோதித்துத் தரம் எழுதித் தரும் அமெரிக்க இரத்தினக்கல் நிறுவனம்) அறிக்கையில் ஒரு சின்னப் படத்தோடு அச்சாகியிருக்கும். அறிக்கையின் தலையில் 'கட் கிரேட்: எக்ஸலன்ட்' என்று இருப்பது மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. 2006 முதல் வட்டக் கற்களுக்கு ஜி.ஐ.ஏ. இந்தத் தரத்தைக் கொடுக்கிறது, ஆனால் அந்த 'எக்ஸலன்ட்' கொஞ்சம் அகலமான கதவு. கிரவுண் 35.5 அல்லது 36 ஆகவும் பவிலியன் 41.2 ஆகவும் உள்ள கனத்த கற்களும் அதற்குள் நுழைந்துவிடும். கடைகளில் 'ட்ரிப்பிள் எக்ஸலன்ட்' (வெட்டு, பொலிஷ், சிமெட்ரி மூன்றும் எக்ஸலன்ட்) என்று பெருமையாகச் சொல்லி விற்பதில் இந்த ரகம் நிறைய. ஆகவே எக்ஸலன்ட் என்பதை வடிகட்டியாக மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குள் மேலே சொன்ன எண்களைத் தேடுங்கள்.

ஒரு விஷயம்: கிரவுணும் பவிலியனும் ஒன்றை ஒன்று ஈடுசெய்யும். கிரவுண் கொஞ்சம் கூடினால் பவிலியன் கொஞ்சம் குறைய வேண்டும். 35 கிரவுணோடு 40.6 பவிலியன் நன்றாகவே இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் கூடினால்தான் ஆபத்து. ஜி.ஐ.ஏ. கிரவுண் பாகையை அரைப் பாகைக்கும் பவிலியனை 0.2 பாகைக்கும் முழுமையாக்கி எழுதுகிறது. அதனால் 40.7 என்ற எண்ணைத் தேடி அலைய வேண்டாம், அறிக்கையில் அது வராது.

கலரும் கிளாரிட்டியும் சுருக்கமாக. கலரில் டி என்றால் நிறமே இல்லாதது, எழுத்துத் தள்ளிப்போகப் போக மஞ்சள் கூடும். வெள்ளைத் தங்கத்தில் பதிப்பதானால் ஜி, எச் போதும். மஞ்சள் தங்கத்தில் ஐ, ஜே கூட வெள்ளையாகவே தெரியும். தங்கத்தின் நிறமே கல்லுக்குள் விழும்போது டி கலருக்குக் காசு கொட்டுவதில் அர்த்தமில்லை. கிளாரிட்டியில் வி.எஸ்.2 (மிகச் சிறிய புள்ளிகள்), கவனமாகப் பார்த்து எடுத்தால் எஸ்.ஐ.1 (சிறிய புள்ளிகள்). வெறும் கண்ணுக்குப் புள்ளி தெரியாவிட்டால் சரி. மிச்சம் பிடித்த காசை வெட்டில் போடுங்கள்.

ஊர்க் கடைக்குப் போகிறீர்கள் என்றால்

மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் நகைக்கடைகளுக்குக் குறைவில்லை. இவற்றின் முதல் தொழில் தங்கம். வைரம் பல கடைகளில் பக்கத் தட்டில் இருக்கும் சரக்கு, அதுவும் ஏற்கெனவே பதித்த மோதிரமாகவும் தோடாகவும்தான். பதித்த கல்லை முழுமையாக அளக்க முடியாது. ஆகவே ஒற்றைக் கல் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, "பதிக்காத கல் இருக்கா, இல்லாட்டி கொழும்பில இருந்து எடுத்துத் தருவீங்களா?" நிறையக் கடைக்காரர் செட்டியார் தெரு மொத்த வியாபாரிகளோடு தொடர்பில் இருப்பவர்கள். இரண்டு மூன்று கல்லை எடுப்பித்துக் காட்டச் சொல்வது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. கேட்காததால்தான் காட்டுவதில்லை.

இரண்டாவது, அறிக்கை. இங்கேதான் வழமையான பதில் வரும்: "பேப்பர் என்னத்துக்கு மனே, இது பெல்ஜியம் கட்." கோபப்படத் தேவையில்லை, அவர் பொய் சொல்வதாகவும் இல்லை. அவருக்கு விற்றவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் பெல்ஜியத்தின் வைரச் சந்தையான அன்ட்வேர்ப் வழியாகக் கைமாறிய கல் எல்லாம் நல்ல வெட்டு என்று ஆகாது. உலகத்து வைரங்களில் மிகப் பெரும்பாலானவை இன்று இந்தியாவின் சூரத்தில் பட்டை தீட்டப்படுகின்றன, அங்கே முதல்தரமும் வெட்டுகிறார்கள், மூன்றாந்தரமும் வெட்டுகிறார்கள். நாட்டின் பெயர் தரத்தைச் சொல்லாது. கடையின் பெயர் அச்சடித்த மினுமினுப்பான அட்டையும் அறிக்கை ஆகாது. அது பற்றுச்சீட்டின் இன்னொரு வடிவம், அவ்வளவுதான். 30 சென்டுக்கு (100 சென்ட் ஒரு கரட்) மேற்பட்ட ஒற்றைக் கல்லுக்கு ஜி.ஐ.ஏ. அறிக்கை இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது, வெளிச்சம். கடைக் கண்ணாடி அலுமாரிக்கு மேலே வரிசையாகக் கூர்மையான சின்ன விளக்குகள் இருக்கும். அந்த வெளிச்சத்தில் கண்ணாடித் துண்டும் வானவில் காட்டும். கல்லைத் தட்டோடு வாசலுக்குக் கொண்டுவரக் கேளுங்கள். கூடவே ஒரு பையன் வருவான், வரட்டும். வாசல் நிழலில், நேர் வெயில் படாத இடத்தில், கல்லை ஒரு சாண் தூரத்தில் பிடித்து முகத்துக்கு நேரே பாருங்கள். நல்ல கல் அந்த மங்கல் வெளிச்சத்திலும் விளிம்புவரை வெள்ளையாக இருக்கும், கறுப்பும் வெள்ளையுமாகக் கூர்மையான கோலம் தெரியும், மெல்ல ஆட்டும்போது அந்தக் கோலம் இடம் மாறி மாறி மின்னும். சுமாரான கல்லில் விளிம்போரம் சாம்பலாக, தூங்கி வழிவதுபோல இருக்கும், நடுப்பகுதி கறுத்தோ கண்ணாடிபோல வெறுமையாகவோ தெரியும். வெறுமனே ஒரு கல்லைப் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது. இரண்டு கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். அதனால்தான் இரண்டு மூன்று கல் கேட்கச் சொன்னேன்.

நான்காவது, பத்து மடங்கு பெருப்பித்துக் காட்டும் சின்னக் கண்ணாடியான லூப். கடையில் இருக்கும், கேட்டால் தருவார்கள். லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை அதற்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும். பலர் லூப்பைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தூர நின்று பார்ப்பார்கள், ஒன்றும் தெரியாது. கல்லை இடுக்கியில் பக்கவாட்டாகப் பிடித்துக் கேர்டிலைச் சுற்றினால் பெரும்பாலான ஜி.ஐ.ஏ. கற்களில் மயிரிழை அளவில் அறிக்கை எண் லேசரில் எழுதியிருக்கும். அதை ஜி.ஐ.ஏ. தளத்தின் 'ரிப்போர்ட் செக்' பகுதியில் அடித்துப் பாருங்கள், அங்கே நின்றபடியே, உங்கள் போனில். எடை, மில்லிமீற்றர், கலர் எல்லாம் ஒத்துப்போனால் கல்லும் பேப்பரும் ஒன்றுக்கொன்று சொந்தம். பேப்பர் அசல், கல் வேறு என்பதுதான் இந்த வியாபாரத்தின் பழைய வித்தை.

இன்னொரு பழைய வித்தை எங்கள் நாட்டுக்கே உரியது. நிறமில்லாத சேர்க்கோன் கல்லை 'மாத்தறை வைரம்' என்ற பெயரில் நெடுங்காலமாக விற்றிருக்கிறார்கள். அம்மம்மா காலத்து நகைகளில் 'வைரம்' என்று வந்து சேர்ந்தவற்றில் இதுவும் கலந்திருக்கலாம். லூப்பால் டேபிள் வழியாக உள்ளே பார்த்தால், பின்பக்கப் பட்டைகளின் ஓரங்கள் சேர்க்கோனில் இரண்டு இரண்டு கோடாகத் தெரியும். வைரத்தில் ஒற்றைக் கோடுதான். வைரத்துக்குப் பதிலாக இப்போது புழக்கத்தில் இருக்கும் செயற்கைக் கல்லான மொய்சனைட்டும் கொஞ்சம் சரித்துப் பார்த்தால் இதே இரட்டைக் கோட்டைக் காட்டிக்கொடுக்கும். கடைக்காரர் பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லில் தொட்டு "பீப்" சத்தம் காட்டுவார். வெப்பத்தை மட்டும் அளக்கும் அந்தக் கருவிக்கு மொய்சனைட்டும் வைரம்தான். ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரத்தை அதனால் பிரித்தறியவே முடியாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வைரம்.

ஆய்வுகூட வைரத்தை நான் மோசம் என்று சொல்லவில்லை. விலை பல மடங்கு குறைவு, மின்னுவதில் குறையில்லை, வெட்டுக்கு மேலே சொன்ன எண்களே பொருந்தும். திரும்ப விற்க நினைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் இயற்கைக் கல்லின் விலையில் அதை விற்றால் அது ஏமாற்று. பற்றுச்சீட்டில் 'இயற்கை வைரம்' என்ற சொல் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். எழுதத் தயங்கினால் காரணம் உங்களுக்கே புரியும்.

மூக்குத்திக்கு, சின்னத் தோட்டுக்கு என்று 3 சென்ட், 5 சென்ட் கல் வாங்குபவர்கள் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. அந்த அளவுக் கற்களுக்குத் தனி அறிக்கை போடுவதில்லை. ஊர்க் கடையில், வாசல் வெளிச்சத்தில், நான்கைந்து சோடியைப் பரப்பி, கண்ணுக்குப் பளிச்சென்று ஒரே மாதிரி இருப்பதை எடுங்கள். இதை ஒன்லைனில் வாங்குவது வீண் அலைச்சல்.

ஒன்லைனில் வாங்குகிறீர்கள் என்றால்

ஒன்லைன் என்று இரண்டு உலகம் இருக்கிறது. ஒன்று, புளூ நைல், வைட்பிளாஷ் மாதிரியான தளங்கள். ஆயிரக்கணக்கான பதிக்காத கற்கள், ஒவ்வொன்றுக்கும் அறிக்கை, பலவற்றுக்குச் சுழலும் வீடியோ. மற்றது பேஸ்புக் பக்கம், வட்ஸ்அப் குழு, டிக்டொக் நேரலை. இரண்டாவதில் நல்லவர்களும் இருக்கக்கூடும், ஆனால் கல்லைப் பார்க்காமல் வங்கிக் கணக்குக்குக் காசு போடச் சொல்பவரிடம் வைரம் வாங்க வேண்டாம். அதோடு அதை முடித்துவிடுகிறேன்.

முதல் உலகத்தின் பலம் தெரிவு. மட்டக்களப்பில் மூன்று கல்லைப் பார்க்க ஒரு வாரம் ஆகும். அங்கே வடிகட்டிகளைப் போட்டவுடன் மூவாயிரம் முப்பதாகிவிடும். வட்டம், எடை 0.45 முதல் 0.55, கலர் ஜி முதல் ஐ, கட் எக்ஸலன்ட் என்று போடுங்கள். பெரும்பாலான தளங்களில் 'அட்வான்ஸ்ட்' வடிகட்டிக்குள் போனால் டேபிள், ஆழம் இரண்டையும் கட்டுப்படுத்தலாம். கிரவுண், பவிலியன் பாகைக்கு அறிக்கையைத் திறந்துதான் பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான். தேநீர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்கார்ந்தால் ஐந்தாறு கல் மிஞ்சும்.

மிஞ்சியவற்றின் எண்களை ஹொலவே கட் அட்வைசர் என்ற இணையக் கணிப்பானில் போட்டுப் பார்க்கலாம். அது தரும் புள்ளி எண் 2க்குக் கீழே வந்தால் தொடர்ந்து பார்க்கத் தகுந்த கல். அது கழிப்பதற்கான கருவி, தெரிவுசெய்வதற்கானது அல்ல. 0.9 வந்த கல் 1.6 வந்த கல்லைவிட அழகு என்று எண்ணக் கூடாது.

அப்புறம் வீடியோ. பல மடங்கு பெருப்பித்த வீடியோவில் எஸ்.ஐ.1 கல்லின் புள்ளி காகம் உட்கார்ந்த மாதிரித் தெரியும், பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது கோலம். நேரே பார்க்கும்போது எட்டுக் கறுப்பு அம்புகள் ஒரே நீளத்தில், ஒரே தடிப்பில், நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகின்றனவா? இரண்டு அம்பு கோணியிருந்தால் சிமெட்ரி எக்ஸலன்ட் என்று பேப்பரில் இருந்தாலும் நான் அடுத்த கல்லுக்குப் போய்விடுவேன். சில தளங்கள் ஐடியல்ஸ்கோப் என்ற கருவியின் படமும் தருவார்கள். அதில் சிவப்பு ஒளி திரும்பும் இடம், வெள்ளை ஒளி ஒழுகும் இடம். டேபிளைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் வேண்டாம். படம் இல்லாத இடத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டும்வரை எல்லாம் கிடைக்கும்.

இனித்தான் எங்களுக்கே உரிய சிக்கல். தளம் இலங்கைக்கு அனுப்புகிறதா என்று முதலே பாருங்கள். எல்லாத் தளங்களும் எல்லா நாட்டுக்கும் அனுப்புவதில்லை. அனுப்பினாலும் பார்சல் கொழும்பில் சுங்கத்தில் நிற்கும். பதிக்காத வைரத்துக்குச் சுங்கக் குறியீட்டுத் தலைப்பு 7102, பதித்த நகைக்கு 7113. இரண்டுக்கும் வரிக் கணக்கு வேறு. ஓடர் போடுவதற்கு முன் இந்த எண்ணைச் சொல்லிச் சுங்கத் திணைக்களத்திடமோ கூரியர் நிறுவனத்திடமோ கேட்டுவிடுங்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிடமும் அனுமதி ஏதும் வேண்டுமா என்று கேட்பது நல்லது. வற் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். அது விதிக்கப்பட்டால் 1000 டொலர் கல்லுக்கு அதுமட்டுமே 180 டொலருக்குக் குறையாது. கூரியர், காப்புறுதி, வங்கி அட்டைக்கு வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் எல்லாம் தனி. அட்டையில் வெளிநாட்டுச் செலவுக்கு வரம்பு எவ்வளவு என்றும் வங்கியில் கேட்டுவையுங்கள்.

இந்தத் தளங்களில் காணும் '30 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்' என்ற வரி மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் எங்களுக்குப் பெரும்பாலும் அலங்காரம். இங்கிருந்து வைரம் திருப்பி அனுப்புவதும் ஒரு ஏற்றுமதிதான். கடதாசி வேலை இருக்கிறது, கட்டிய வரி திரும்பக் கிடைப்பது வேறு கதை, அதற்குள் நாட்கள் ஓடிவிடும். அதனால் நேரே இங்கு வரவழைப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

எங்கள் ஊரில் அதற்கு வேறு வழி உண்டு. லண்டனிலோ டொரொன்டோவிலோ ஒரு அண்ணனோ மாமியோ இல்லாத குடும்பம் குறைவு. கல்லை நீங்கள் தெரிவுசெய்யுங்கள், அவர்கள் முகவரிக்குப் போகட்டும். அங்கே வைத்து அவர்கள் வாசலில் பார்த்து, வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். பிடிக்காவிட்டால் அந்த 30 நாளுக்குள் அங்கிருந்தே திருப்பிவிடலாம். அவசரப்பட்டு ஊருக்கு வரும் கடைசி வாரத்தில் ஓடர் போட்டால் இந்த வசதி போய்விடும், இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். கொண்டுவரும்போது விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டியதை அறிவிக்க வேண்டும். பற்றுச்சீட்டும் அறிக்கையும் கைப்பையில், கல்லும் கைப்பையில். "அப்படியே விரல்ல போட்டுக்கொண்டு வா" என்று சொல்லும் மாமாவின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

விலையை ஒப்பிடும் முறை

கடையில் மோதிரத்துக்கு ஒரே தொகையாக விலை சொல்வார்கள். அதை உடையுங்கள். தங்கம் எத்தனை கிராம், எத்தனை கரட் தங்கம், இன்றைய விலையில் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, மிச்சம் கல்லுக்கு எவ்வளவு. கல்லின் எடையைத் தங்கத்தில் சேர்த்து நிறுக்காமல் கழிக்கச் சொல்லுங்கள். 1 கரட் 0.2 கிராம்தான் என்றாலும் தோட்டில் பல கல் சேரும்போது கணக்கு வரும். இப்படி வந்த கல் விலையை, அதே எடை, அதே கலர், அதே கிளாரிட்டி, அதே வெட்டு எண்கள் உள்ள ஒன்லைன் கல்லோடு, வரியும் செலவும் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள். கடை 10 வீதம் கூடுதலாக இருந்தால் நான் கடையில்தான் வாங்குவேன். கல் கழன்றால், விரல் பெருத்தால், சண்டை பிடிக்க ஒரு முகம் இருக்கிறது. அதற்குக் காசு கொடுக்கலாம். வித்தியாசம் 30, 40 வீதம் என்றால், அல்லது கடையில் அந்த எண்களுள்ள கல்லே இல்லை என்றால், லண்டன் மாமிக்குப் போன் எடுக்க வேண்டியதுதான்.

கடைக்காரரிடம் இந்தத் தயாரிப்போடு போனால் அவரும் வேறு மாதிரிக் கதைப்பார். ஒன்லைன் கல்லின் எண்களைப் போனில் காட்டி, "இதுக்குக் கிட்ட ஒரு கல்லு எடுத்துத் தர ஏலுமா?" என்று மரியாதையாகக் கேட்டதும், பெட்டியைப் பூட்டிவிட்டு நேரே கொழும்புக்குப் போன் எடுத்த முதலாளியை நான் பார்த்திருக்கிறேன்.

"மாற்றிக் கொடுப்போம், திரும்ப எடுப்போம்" என்று வாயால் சொல்வதைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கேளுங்கள். காசாகவா, வேறு நகையாகவா, எத்தனை வீதம் கழித்து, எத்தனை வருடத்துக்குள். அறிக்கை எண்ணும் அதே சீட்டில் இருக்க வேண்டும். பிணக்கு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், அங்கே எடுபடுவது எழுதிய சீட்டுத்தான்.

வீட்டுப் பெரியவர்கள் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அந்தரம் ஆபத்துக்கு அடைவு வைக்கலாமா?" உண்மையைச் சொல்லிவிடுங்கள். வங்கி அடகுப் பிரிவில் தங்கத்தின் எடைக்குத்தான் காசு, கல்லைக் கழித்துவிடுவார்கள். சேமிப்பு என்றால் பவுண் வாங்குங்கள். வைரம் அணிவதற்கு.

பதிப்பது

வெளியிலிருந்து வந்த கல்லை ஊர்ப் பத்தரிடம் பதிக்கலாம், நல்ல கைவேலைக்காரர் இருக்கிறார்கள். ஆனால் தங்கத்தில் கைதேர்ந்தவர் எல்லாரும் ஒற்றை வைரத்தை நகப்பிடியில் பதித்துப் பழகியவர் அல்ல. அவர் பதித்த மோதிரம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். நகங்கள் ஒரே உயரமா, கல் சாயாமல் நிற்கிறதா, நகத்துக்கும் கல்லுக்கும் இடையில் தலைமயிர் சிக்குமளவு இடைவெளி இருக்கிறதா? 22 கரட் தங்கம் நகப்பிடிக்கு மென்மை. கல்லைப் பிடிக்கும் தலைப்பகுதியாவது 18 கரட்டில் இருக்கட்டும். நாலு நகத்தைவிட ஆறு நகம் பாதுகாப்பு. அடியை மூடிப் பதிக்கும் பழைய முறை வேண்டாம், கல்லுக்கு அடியில் அழுக்குச் சேர்ந்தால் துடைக்க வழியில்லை.

கொடுக்கும் முன் லூப்பால் கல்லின் உள்ளே இருக்கும் புள்ளியின் இடத்தைப் பார்த்து, லேசர் எண்ணைப் படம் எடுத்து, எடையைப் பத்தரின் முன்னாலேயே நிறுத்து எழுதுங்கள். நம்பிக்கையில்லாமல் இல்லை, இருவருக்கும் பாதுகாப்பு. லேசர் எண் நகத்துக்கு அடியில் மறையாமல் பதிக்கச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது அதே புள்ளி, அதே எண். மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டிப் பாருங்கள், கிலுகிலு சத்தம் வந்தால் கல் ஆடுகிறது, அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

வாங்கி ஒரு மாதத்தில் "மின்னல் குறைஞ்சு போச்சு" என்று பலர் கடைக்கு ஓடுவார்கள். கல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வைரத்தில் எண்ணெய் இலகுவாக ஒட்டும். தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய், சமைத்த கை, கிரீம் எல்லாம் போய்ப் பவிலியனில் படிந்துவிடும், ஒளி திரும்பும் இடமே அதுதானே. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து, குழந்தைகள் பாவிக்கும் மெல்லிய பல் தூரிகையால் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கழுவும்போது தொட்டியின் துளையை அடைத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நகங்களைக் கடையில் பார்ப்பித்துக்கொள்ளுங்கள், பாசிக்குடாவில் குளிக்க இறங்கும் நாளில் மோதிரம் வீட்டில் இருக்கட்டும்.